வராத தும்மல்

அந்த வார்டில் ஒரு நகைச்சுவை நடிகரின் தரத்தைத் தலையணையால் அளந்தார்கள்.

வயிற்றில் கத்தி பட்டவர்கள் படுக்கும் வார்டு அது. இரண்டாம் மாடி, நான்கு கட்டில், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். தையல் போட்ட வயிற்றோடு இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் உயிர் போய் உயிர் வரும். அதனால் ஆளுக்கொரு சின்ன, கெட்டியான தலையணை கொடுத்திருந்தார்கள். இருமல் வரும்போது அதைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். ஒரு நடிகரைப் பற்றிப் பேசும்போது கேட்கிறவர் வெறும் புன்னகையோடு நின்றுவிட்டால் அந்த நடிகருக்கு ஒன்றும் கிடையாது. கை தலையணையைத் தேடிப் போனால் அரைத் தலையணை. எடுத்து அணைத்தால் ஒன்று. அதுவும் போதாமல் பக்கத்துக் கட்டில்காரரின் தலையணையையும் கடன் கேட்டால் இரண்டு. மூன்று தலையணை வாங்கும் நடிகர் இன்னும் பிறக்கவில்லை என்பது முதல் கட்டில் லாரி டிரைவரின் கருத்து.

இந்த அளவுகோல் அவர்களுக்குக் கிடைத்ததே மூச்சு டீச்சரால்தான். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒழுங்காக மூச்சு இழுக்கவும் இருமவும் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அந்த வேலைக்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. அது நோயாளிகள் வாயில் நுழையாததால் மூச்சு டீச்சர் ஆகிவிட்டாள். "பிறந்ததிலேர்ந்து விட்டுட்டுத்தானேம்மா இருக்கேன், இதைப் போய்க் கத்துக்கணுமா?" என்று கேட்காத நோயாளியை இந்தப் பதினாறு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. முதலில் தலையணையை அணைத்து இருமச் சொல்லுவாள். அப்புறம் மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுப்பாள். பிளாஸ்டிக்கில் மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். மூன்றும் ஏறினால் நுரையீரலின் அடிவரை காற்று போகிறது என்று பொருள். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இழுப்பதற்குப் பதில் ஊதிவிட்டு, பந்து அசையவே இல்லை, சாமான் பழுது என்று புகார் செய்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வார்டில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் கட்டிலில் லாரி டிரைவர், பித்தப்பையைப் பறிகொடுத்தவர். இரண்டாவதில் ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், குடலிறக்கத்துக்குத் தையல். மூன்றாவது கட்டில் காலி. ஜன்னலோரம் நான்காவதில் சிக்னல்காரர். தெருச் சந்திப்புகளில் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து, சிவப்புக்கு இத்தனை நொடி, பச்சைக்கு இத்தனை நொடி என்று நேரம் வைக்கிறவர். குடல் அடைப்பு என்று வந்தவரை நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை திறந்து தைத்திருந்தார்கள். மூவரில் நீளமான தையல் அவருடையது. பேச்சு மட்டும் குட்டை.

மூச்சு டீச்சர் உள்ளே நுழைந்தபோது சனிக்கிழமை ஆரம்பித்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"அவன் விழறதுல இல்ல சார் விஷயம்," என்றார் டிரைவர். அவருடைய கட்சி, தடுக்கி என்று ஊரே கூப்பிடும் நடிகர். "விழறது யாரு வேணா விழலாம். போன மாசம் டீசல் போடற இடத்துல நான்கூட மல்லாக்க விழுந்தேன், ஒருத்தன் சிரிக்கலை. தடுக்கி என்ன பண்ணுவான்? எழுந்திருப்பான், மண்ணைத் தட்டுவான், திரும்பிப் போய் அந்தக் கல்லுகிட்ட மன்னிப்பு கேப்பான். மனசாரக் கேப்பான். கேட்டுட்டு, இந்தத் தடவை பத்திரமா தாண்டறேன்னு காலைத் தூக்கி வைப்பான். அங்க இன்னொரு கல்லு."

மேனேஜரின் கை தலையணைப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. "மன்னிப்பு கேட்டது வரைக்கும் ஒத்துக்கறேன். ரெண்டாவது கல்லு வேண்டாம். உங்க ஆளுக்கு எப்பவும் ஒரு கல்லு ஜாஸ்தி."

"அரைத் தலையணை. டீச்சர், நீங்க சாட்சி."

"கல்முகம் அந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்," என்றார் மேனேஜர். கல்முகம் அவருடைய ஆள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் மாறாத நடிகர். "வீடு பத்தி எரியுது. தீயணைப்பு வண்டி வந்து நிக்குது. குழாயைத் தூக்கிட்டு பத்துப் பேர் ஓடி வர்றாங்க. இவர் வாசல்ல நின்னு, கையைக் காட்டி நிறுத்தறார். பின்னாடி ஜன்னல் வழியா நெருப்பு. இவர் ரொம்ப மரியாதையா சொல்றார், 'காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க.'"

டிரைவர் அதை எதிர்பார்க்கவில்லை. தலையணை காலடியில் கிடந்தது. சிரிப்பு அதற்கெல்லாம் காத்திருக்குமா? அவர் வயிற்றை வெறும் கையால் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று அழுதபடியே சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது கட்டுத் துணியில் எட்டணா அகலத்துக்குச் சிவப்பு ஊறியிருந்தது.

பெரிய சிஸ்டர் வந்தாள். அந்த மாடிக்கே பெரியவள். அவள் நடந்து வந்தால் மருந்துச் சீசாக்கள்கூட நேராக நிற்கும் என்பார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்து, தையல் விடவில்லை, ஓரத்தில்தான் கசிவு என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு டிவி ரிமோட்டை எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"இந்த நிமிஷத்திலேர்ந்து இங்க நகைச்சுவை கிடையாது. போன்ல பார்க்கறது கிடையாது. வாயால சொல்றதும் கிடையாது." மூச்சு டீச்சர் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றது சரிதானே?"

"சரிதான் சிஸ்டர்," என்றாள் மூச்சு டீச்சர். கசிவைப் பார்த்த பதற்றத்தில், அதோடு நிறுத்தாமல், சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் தன் கையாலேயே எழுதியும் வைத்தாள்: 'யாரும் யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது.'

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது அதுதான். அது மறுநாள்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சிக்னல்காரரின் எக்ஸ்-ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது நுரையீரலின் அடியில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை படர்ந்திருந்தது.

"அடிப்பகுதி சுருங்கிட்டு வருது. காத்து போகலை, சளி தேங்கி நிக்குது. காய்ச்சலும் எட்டிப் பார்க்குது," என்றார். "சார், நீங்க நல்லா மூச்சு இழுக்கணும். இருமி சளியை வெளிய கொண்டு வரணும். நாளைக்குக் காலையில வந்து ஸ்டெதாஸ்கோப் வெச்சுக் கேப்பேன். அடியில மூச்சுச் சத்தம் கேக்கலைன்னா மூக்கு வழியா குழாய் விட்டு உறிஞ்சிதான் எடுக்கணும்."

"வலிக்குமா?" என்றார் சிக்னல்காரர்.

"சுகமா இருக்காது," என்றார் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அவர் போனதும் மூச்சு டீச்சர் கருவியை நீட்டினாள். சிக்னல்காரர் இழுத்தார். முதல் பந்து பாதி ஏறி, யோசித்து, இறங்கிவிட்டது. தலையணையைக் கொடுத்து இருமச் சொன்னாள். ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் ஆள் இருப்பதைக் காட்டிக்கொள்ள ஒருவர் செய்வாரே, அந்த மாதிரி "க்கும்" என்று ஒரு சத்தம் வந்தது.

"இது இருமல் இல்ல சார். இது விசாரிப்பு."

"தையல் இழுக்குதும்மா. ஒரு அளவுக்கு மேல உள்ள போனாலே யாரோ ஜிப்பைத் திறக்கற மாதிரி இருக்கு."

"வலி மருந்து போட்டு அரை மணி ஆச்சே?"

"மருந்துக்குத் தெரியுது. எனக்குத் தெரியலையே."

அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அந்தக் குழாய் உள்ளே போகும்போது வளர்ந்த ஆண்கள் கட்டில் கம்பியைப் பிடித்து முறுக்குவதை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கும் சரிவராமல் ஐ.சி.யூ.வுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறாள். காலையில் ஒரு முறை, பதினொரு மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று முயன்றாள். பந்து பாதியைத் தாண்டவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தன் நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பக்கம். எந்த வேளையில் எத்தனை பந்து என்று குறித்து வைப்பது வழக்கம். நான்காம் கட்டில்: சனி மாலை இரண்டு. ஞாயிறு காலை இரண்டு, மாலை இரண்டு. திங்கள் காலை இரண்டு. திங்கள் மாலை ஒன்று. செவ்வாய் அரை.

கை வாய்க்குப் போகாமல் நின்றது. திங்கள் காலைக்கும் மாலைக்கும் நடுவில் என்ன நடந்தது? அவள் எழுதிய பலகைதான் நடந்தது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். சிக்னல்காரர் கண்ணை மூடியிருந்தார். டிரைவரிடம் குனிந்து மெல்லக் கேட்டாள். "அண்ணே, சனி ஞாயிறு நீங்க ரெண்டு பேரும் கலாட்டா பண்ணிட்டிருந்தப்ப இவர் என்ன செஞ்சார்? சிரிச்சாரா?"

"இவரா? கல்லுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினாக்கூட அது சிரிச்சிடும், இவர் சிரிக்க மாட்டார்."

"வேற என்னதான் செஞ்சார்?"

டிரைவர் யோசித்தார். "நான் ஏதாவது செஞ்சு காட்டினா பெருமூச்சு விடுவார். சும்மா இல்ல டீச்சர், மலை ஏறி வந்த லாரி பிரேக் காத்தை விடற மாதிரி. மேனேஜர் சார் செஞ்சா இன்னும் நீளமா விடுவார்."

"அது எனக்கு மரியாதைன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார் மேனேஜர்.

அப்போது விளங்கிவிட்டது. இரண்டு நாளாக அந்த மனிதரின் நுரையீரலைத் திறந்து வைத்திருந்தது அவள் கருவி இல்லை. இந்த இரண்டு பேரின் மட்டமான நடிப்பு. அதைக் கேட்கச் சகிக்காமல் அவர் விட்ட பெருமூச்சு ஒவ்வொன்றும் இரண்டு பந்து. அந்தக் கதவைத் தன் கையாலேயே எழுதிச் சாத்தியிருக்கிறாள். பலகை சுவரில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேரே பெரிய சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய சிஸ்டர் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும், "வாய்ல சொன்னா நான் எதையும் மாத்த மாட்டேன். எழுதிக் குடு," என்று மருந்துத் தாளை நகர்த்தினாள்.

தாளில் நான்கு கட்டம் இருந்தது. மூச்சு டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு நிரப்பினாள். மருந்து: நகைச்சுவை. அளவு: ஒரு தலையணைக்கு மிகாமல். கொடுக்கும் வழி: காது. நேரம்: மாலை நான்கு முதல் ஐந்து வரை.

பெரிய சிஸ்டர் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்துப் படித்தாள். "முதல் கட்டில்காரர் கையில முன்கூட்டியே தலையணை இருக்கணும். கசிஞ்சா உன்கிட்டதான் கேப்பேன்." கையெழுத்துப் போட்டாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கல்முகம் இவளிடம்தான் படித்திருக்க வேண்டும் என்று மூச்சு டீச்சருக்குத் தோன்றியது.

நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். சிக்னல்காரரின் மனைவி வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற பெண். கணவர் சேமித்த வார்த்தைகளையும் சேர்த்து அவளே செலவழித்துவிடுவாள். மூச்சு டீச்சர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"இவரைச் சிரிக்க வைக்கவா? ஏம்மா, முப்பத்திரண்டு வருஷத்துல நான் பார்த்தது கல்யாண போட்டோவுல ஒண்ணு. அதுவும் போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சினதால. கேட்டா, உள்ளுக்குள்ள சிரிக்கறேன்னுவார்."

"சிரிக்க வேண்டாங்க. பெருமூச்சு விட்டாலே போதும். காமெடி நடிகர்ல யாரையாவது பிடிக்குமா அவருக்கு?"

"அரைமீசையை. அரைமீசைன்னா உயிர். ஆனா அதைக் கண்டுபிடிக்கறதுக்கே எனக்கு நாலு வருஷம் ஆச்சு. டிவியில வந்தா எதிர்ல உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி பார்ப்பார். அந்தக் கோர்ட்டு சீன் தெரியுமில்ல, தும்மல் வருமே? இல்ல, வராதே? அதை என் தம்பி ஒரு தடவை எங்க வீட்டுல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். இவர் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிட்டு வெளிய போயிட்டார். மூணு மாசம் அவன்கிட்ட பேசலை. என்ன தப்பு பண்ணான்னு கேட்டா, அளவு தப்புங்கறார்."

அந்தக் காட்சி யாருக்குத் தெரியாது? அரைமீசை சாட்சிக் கூண்டில் நிற்பார். திருடினது யார் என்று ஜட்ஜ் கேட்பார். அரைமீசை விரலைத் தூக்கி, சொல்ல வாயைத் திறக்கும்போது தும்மல் வர ஆரம்பிக்கும். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. மூன்றாவது மூச்சு. கோர்ட்டே குனியும், ஜட்ஜ் கைக்குட்டையை எடுப்பார், டைப்பிஸ்ட் விரலை மேலே தூக்குவாள். அப்படியே நிற்கும். தும்மல் வராது. அரைமீசை சாவகாசமாக ஜட்ஜைப் பார்த்து, "என்ன கேட்டீங்க?" என்பார்.

எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான். ஆனால் யார் செய்வது? டிரைவர் சிரிப்பு வந்துவிடும் என்று மறுத்தார். மேனேஜர், எதிர்க்கட்சி ஆளை நடிப்பது கொள்கைக்கு விரோதம் என்றார். மிஞ்சியது மூச்சு டீச்சர்.

அவளும் தயங்கினாள். காரணம் இருந்தது. ஒரு நகைச்சுவையைக் கெடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முடிவை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு எதையும் ஆரம்பிக்கவே வரும். "நீ ஜோக் சொன்னா, கடைசிப் பெட்டி முன்னால வர்ற ரயில் மாதிரி," என்பது அவள் கணவனின் கணிப்பு. அவள் மகள் இன்னும் நேரடி. அம்மா வாயைத் திறந்தாலே, "சரி, சிரிச்சாச்சு, அடுத்தது," என்று சொல்லிவிடுவாள்.

நான்காம் கட்டிலின் எதிரில் போய் நின்றாள். டிரைவரும் மேனேஜரும் தலையணையை அணைத்துக்கொண்டு தயாரானார்கள். சிக்னல்காரர் கண்ணைத் திறந்தார்.

"சார், அரைமீசை கோர்ட்டு சீன். கடைசியில தும்மல் வராது. இப்பப் பாருங்க."

விரலைத் தூக்கினாள். "ஆ ஆ ஆ" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "என்ன கேட்டீங்க?" என்றாள். மொத்தம் இரண்டு நொடி.

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் மரியாதைக்காகத் தலையணையைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டார். நான்காம் கட்டிலிலிருந்து ஒரு பெருமூச்சு புறப்பட்டது. நெஞ்சு ஏறி, ஏறி, வலி வந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, வெளியே இறங்கியது. இரண்டு பந்து. ஒன்றரை என்று சொல்ல மனம் வரவில்லை அவளுக்கு.

"தப்பா சார்?"

"தப்புன்னா என்ன அர்த்தம்?" என்றார் சிக்னல்காரர். ஐந்து நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியமாக அது ஆகும்போல இருந்தது. "பாதை தப்பினவனைத்தான் தப்புன்னு சொல்லலாம். நீங்க வீட்டை விட்டே கிளம்பலையேம்மா. வராதுன்னு முதல்லயே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு ஜனங்க நிக்கணும்?"

"சரி, சொல்லாம செய்யறேன்." மறுபடி விரலைத் தூக்கினாள். "ஆ... ஆ... ஆ... என்ன கேட்டீங்க?"

இன்னொரு பெருமூச்சு. முன்னதைவிட நீளம். அவர் மனைவி மூச்சு டீச்சரின் முழங்கையைக் கிள்ளினாள்: விடாதே.

"மஞ்சள் விளக்கு எதுக்குன்னு நினைக்கறீங்க?" என்றார் சிக்னல்காரர்.

"நிறுத்தறதுக்கு," என்றார் டிரைவர்.

"வேகமா தாண்டறதுக்குன்னு உங்க மனசுல இருக்கு, சபைக்காக நிறுத்தறதுன்னு சொல்றீங்க. அதான் மஞ்சள். பச்சையில யாரும் யோசிக்கறதில்லை, சிவப்புலயும் யோசிக்கறதில்லை. மஞ்சள்ல மட்டும்தான் ரோட்டுல இருக்கற அத்தனை பேரும் ஒண்ணா, போலாமா நிக்கலாமான்னு ஒரே விஷயத்தை நினைக்கறாங்க. நான் அதுக்கு மூணு நொடி வைப்பேன். ரெண்டு வெச்சா முட்டிக்குவாங்க. அஞ்சு வெச்சா எவனும் மதிக்க மாட்டான். அரைமீசைக்கு அது தெரியும். மூணாவது மூச்சு நிறைஞ்ச அப்புறம் சரியா மூணு நொடி நிப்பார். அந்த மூணு நொடியில கோர்ட்டுல இருக்கறவங்க, பார்க்கறவங்க, எல்லாரும் அவருக்காகத் தும்மத் தயாரா இருப்பாங்க. தும்மறதுல ஒண்ணுமில்லை. நம்மளைத் தும்ம வெச்சுட்டு அவர் கழண்டுக்கறார் பாருங்க, அங்க இருக்கு. எண்ணியிருக்கேன். எந்தத் தடவை பார்த்தாலும் மூணு நொடி."

"படம் ஒண்ணுதானே சார்?" என்றார் டிரைவர். "எந்தத் தடவை பார்த்தாலும் அதே மூணுதானே இருக்கும்?"

சிக்னல்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "மேடையிலயும் ரெண்டு தடவை பார்த்திருக்கேன்."

"எனக்கு ஒண்ணு புரியலை," என்றாள் மூச்சு டீச்சர். இதுதான் தருணம் என்று அவளுக்குத் தெரிந்தது. இதையாவது கெடுக்காமல் செய்ய வேண்டும். "மூணு மூச்சும் ஒரே அளவா, இல்ல வேற வேறயா?"

"வேற வேற. ஒண்ணு மேல ஒண்ணு, படி மாதிரி. நடுவுல மூச்சை விடக் கூடாது."

"எப்படி? காட்டுங்க."

"படுத்துட்டா செய்வார் அரைமீசை?" அவர் கையை ஊன்றினார். மூச்சு டீச்சரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்து அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கால் தரையைத் தொட்டது. தலையணையை அவரே எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டார், சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடிப்பது போல.

"கேளுங்க," என்றார்.

"என்ன கேக்கணும்?"

"திருடினது யாருன்னு கேளுங்கம்மா."

"திருடினது யாரு?"

சிக்னல்காரர் விரலைத் தூக்கினார். முகம் மாறியது, அதுவரை அவர்கள் பார்த்திராத ஒருவர் அந்த முகத்துக்குள் வந்து உட்கார்ந்தார். புருவம் மெல்ல மேலே போனது. முதல் மூச்சு. ஒரு பந்து, என்று எண்ணினாள் மூச்சு டீச்சர். மூக்கு நுனி நடுங்கியது. அந்த மூச்சை விடாமலே அதன் மேல் இரண்டாவது. இங்கேதான் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலையணை மேல் இருந்த விரல்கள் வெளுத்தன. ஆனால் அரைமீசை பாதியில் நிறுத்தியதில்லை, அதனால் இவரும் நிறுத்தவில்லை. மூன்றாவது மூச்சு உள்ளே போனது. தோள் காது வரை ஏறியது. நெஞ்சு, ஐந்து நாளாகத் திறக்காத அலமாரி போல, அடிவரை திறந்துகொண்டது.

நின்றது.

ஒன்று. டிரைவர் வாயைப் பிளந்திருந்தார். இரண்டு. மேனேஜர் தன்னை அறியாமல் கைக்குட்டையை எடுத்தார். வாசலில் பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள், ஒரு காலை உள்ளே வைத்து. மூன்று.

தும்மல் வரவில்லை. இருமல் வந்தது. அவர் நெஞ்சின் அடியிலிருந்து, மூட்டை உருள்கிற மாதிரி ஒரு இருமல். அதன் பின்னாலேயே இன்னொன்று. மூச்சு டீச்சர் பாய்ந்து தலையணை மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். மனைவி கிண்ணத்தை நீட்டினாள். ஐந்து நாள் தேங்கியிருந்தது மூன்று தவணையில் வெளியே வந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். ஒரு முறை மூச்சு வாங்கினார். பிறகு மிக மெதுவாக, சாவகாசமாக மூச்சு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"என்ன கேட்டீங்க?"

டிரைவர் தன் தலையணையை அணைத்தார். போதவில்லை. மேனேஜருடையதைப் பறிக்கப் பார்த்தார்; மேனேஜர் அதற்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்ததால் தரவில்லை. காலியாகக் கிடந்த மூன்றாம் கட்டிலின் தலையணையை எட்டி இழுத்தார். பெரிய சிஸ்டர் தட்டை அப்படியே வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ சீசா உருண்டது.

"மூணு," என்றார் டிரைவர் மூச்சுக்கிடையில். "சார், மூணு தலையணை. என்னோடது, அந்தக் கட்டிலோடது, மேனேஜர் குடுக்காதது."

சிக்னல்காரரின் மனைவிதான் சிரிக்காமல் நின்றாள். இடுப்பில் கை வைத்துக் கணவரையே பார்த்தாள். "முப்பத்திரண்டு வருஷமா இதை உள்ள வெச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"யாரும் கேக்கலையே."

"என் தம்பியை மூணு மாசம் காயப் போட்டீங்களே, அவன்கிட்ட இதைக் காட்டியிருக்கலாமில்ல?"

"அவன் ரெண்டு நொடியில முடிச்சான்," என்றார் சிக்னல்காரர். அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் பிளாஸ்க்கை வைக்க இடம் தெரியாமல் அவர் மடியிலேயே வைத்தாள்.

அன்று மாலைக்குள் அவர் அந்தக் காட்சியை நான்கு முறை செய்தார். தாளில் எழுதியது ஒரு மணி நேரம்தான். ஆனால் பெரிய சிஸ்டர் அன்றைக்குக் கடிகாரம் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூச்சு டீச்சர்தான் ஜட்ஜ். இரண்டாம் முறை அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னாலேயே சிரித்து, மூன்றாவது மூச்சைக் கெடுத்து, திட்டு வாங்கினாள்.

புதன்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தார். காய்ச்சல் இல்லை. அதை நம்பாமல், சிக்னல்காரரை உட்கார வைத்து, முதுகின் வலது அடியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். குழாய் போடும் தட்டு வாசலில் தள்ளுவண்டி மேல் மூடியோடு காத்திருந்தது. மூச்சு டீச்சர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"ராத்திரி எப்படி இருந்தீங்க? சரி, பதில் அப்புறம் சொல்லுங்க. முதல்ல நல்லா மூச்சை இழுங்க."

சிக்னல்காரர் விரலைத் தூக்கினார்.

முதல் மூச்சு. டாக்டர் தலையைச் சாய்த்தார். அதன் மேல் இரண்டாவது. டாக்டரின் புருவம் ஏறியது. ஸ்டெதாஸ்கோப்பை இன்னும் ஒரு அங்குலம் கீழே நகர்த்தினார். மூன்றாவது. டாக்டர் குனிந்தபடியே நின்றார், தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. முதல் கட்டிலில் டிரைவர் முன்ஜாக்கிரதையாக இரண்டு தலையணை வைத்திருந்தார். ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி.

"என்ன கேட்டீங்க?"

டாக்டர் காதிலிருந்து குழாயை மெல்லக் கழற்றினார். "அரைமீசையா?" என்றார். "கோர்ட்டு சீன்?"

"ஆமா."

"ஜட்ஜ் கைக்குட்டையை எடுக்கறது ரெண்டாவது மூச்சுலயா, மூணாவதுலயா?"

"மூணாவது முடிஞ்சு ஒரு நொடி கழிச்சு."

"அடிவரைக்கும் காத்து போகுது," என்றார் டாக்டர். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னார். "நேத்து இங்க ஒண்ணுமே கேக்கலை. அந்தத் தட்டை எடுத்துட்டுப் போயிடுங்க. வேணாம். ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டு, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகலாம். என்ன குடுத்தீங்க இவருக்கு?"

பெரிய சிஸ்டர் மருந்துத் தாளை நீட்டினாள். டாக்டர் நான்கு கட்டத்தையும் படித்தார். 'கொடுக்கும் வழி: காது' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "யார் எழுதினது?"

மூச்சு டீச்சர் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கை தூக்கியதில்லை.

டாக்டர் அதன் கீழே 'தொடரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் வெள்ளைப் பலகையைப் பார்த்து, ஓரத்தில் கிடந்த துணியால் அவரே அதைத் துடைத்தார். வாசலில் நின்று, விட்டுப் போக மனமில்லாதவர் போலத் திரும்பினார்.

"அரைமீசை பெரிய ஆள்தான். நான் இல்லேங்கலை. ஆனா எனக்குப் பிடிச்சது தடுக்கி. அந்தக் கல்லுகிட்ட மன்னிப்பு கேப்பாரே?"

"சொல்லுங்க டாக்டர்," என்றார் டிரைவர், எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "இவங்களுக்கு நல்லா உறைக்கற மாதிரி சொல்லுங்க."

"ரெண்டாவது கல்லு ஒண்ணு வருமே, அதான் உச்சம்," என்று டாக்டர் காலைத் தூக்கிக் காட்டினார். தூக்கிய வேகத்தில் கால் தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டது.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் நான்காம் கட்டிலிலிருந்து ஒரு பெருமூச்சு புறப்பட்டது. ஏறி, ஏறி, எங்கேயும் தயங்காமல் உச்சிவரை போய், திரைச்சீலை அசைகிற மாதிரி வெளியே இறங்கியது.

மூச்சு டீச்சர் கருவியைத் தேடவில்லை. நோட்டைத் திறந்து, புதன் காலை என்ற இடத்துக்கு நேரே, காதால் எண்ணியதை எழுதினாள். மூன்று.